தொப்பி போட்ட மாமியும் எங்கள் குசினியும்

நோபல் பார்க் தெருக்களில் என்னோடு ஒன்றாக முழங்கால் தேய்த்து வளர்ந்தவர்களே, போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். சாப்பாடு பரிமாறும் யன்னலுக்கு மேலே என் மாமியின் படத்தை மாட்டியிருந்தார்கள். மாமி சிரித்துக்கொண்டு, கையில் அகப்பையைப் பிடித்தபடி நிற்கிறார். கீழே தங்க எழுத்தில் "எங்கள் அன்னபூரணி" என்று இருந்தது. பிறகு நீங்கள் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிட்டீர்கள். எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

அன்னபூரணியாம்! மாமி வடித்த சோறு ஒன்றில் குழையும், இல்லாவிட்டால் விறைக்கும். ஒருமுறை அவர் பருப்புக் காய்ச்சிய பானை உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குள் நாட்கணக்கில் ஊறிக் கிடந்தது. கடைசியில் அப்பா அதைக் கொல்லைப்புறத்தில் செடி நட எடுத்துக்கொண்டார். உங்களில் பலர் எங்கள் வீட்டில் மாமியின் கையால் சாப்பிட்டது பாணும் ஜாமும் மட்டும்தான். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அந்தப் படம் எடுத்த கோடையைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் அப்போது பத்து வயதுக்காரர்கள். நீங்களும் அங்கே இருந்தீர்கள், ஆனால் மேசைகளுக்குக் கீழே ஒளித்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் மாமியோடு திரிந்தேன்.

மாமி அப்பாவின் அக்கா. புருஷனை இழந்தவர். ஒரே மகனைத் தனியாக வளர்த்து, காணி பூமியைத் தனியாகப் பார்த்து, கடைசியில் சண்டை வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு கைப்பையோடு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். மகன் சிட்னியில் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட நீண்ட விடுமுறை தொடங்கிய கிழமையில் எங்கள் வீட்டு நடு அறையை மாமிக்குக் கொடுத்து, என்னை வரவேற்பறைச் சோபாவுக்கு அனுப்பினார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

மாமியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடாவிட்டால் விரல் மேசையில் தாளம் போடும். தபால்பெட்டி வரை போவார், திரும்பி வருவார், பிறகு எதற்குப் போனோம் என்று யோசித்துவிட்டு மறுபடியும் போவார். வெள்ளைக்காரப் பக்கத்து வீட்டு மனிதர் தன் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வந்து கொஞ்ச நாளில் அப்பாவோடு சங்கச் செயலாளர் அங்கிள் வீட்டுக்குப் போய், தன்னையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். செயலாளர் அங்கிள் மிக மரியாதையாக விளக்கினார்.

"அக்கா, எங்கட சங்கத்திலை ஒரு குடும்பத்துக்கு ஒரு வோட்டு. அதைக் குடும்பத் தலைவர்தான் போடுவார். உங்களுக்குத் தம்பி போடுவார்தானே?"

"நானும் ஒரு குடும்பத்தை நடத்தினனான்," என்றார் மாமி.

"அது ஊரிலை அக்கா. இஞ்சை நீங்கள் தம்பியின்ர குடும்பம்."

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமி அப்பாவைப் பார்த்து, "நான் செத்தாலும் உன்ர வீட்டுக் கணக்கிலைதான் சாவனோ?" என்று கேட்டார். அப்பா சாவியைத் தேடுவது போல் பொக்கற்றுகளைத் தட்டினார்.

மாமிக்கு வேண்டியிருந்தது பதவியல்ல. பிறகு எங்கள் ஆட்கள் அப்படித்தான் கதைத்தார்கள்: தலைவி ஆசை, பெயர் ஆசை என்று. மாமிக்கு வேண்டியிருந்தது தன் கை. அதைத் தூக்கினால் யாராவது எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஊரில் புருஷன் போன பிறகு கல்யாண வீடுகளில் பின்வரிசையில் இருத்தப்பட்டவர் அவர். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே பின்வரிசை என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

இதற்கிடையில் நூலகத்தில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்கு மாமி போய்வரத் தொடங்கினார். அங்கே பாடம் எடுத்த வயதான வெள்ளைக்கார மனிசி, இந்த மாநிலத்துப் பெண்கள் நூறு வருடங்களுக்கு முன்னர் வாக்குரிமை கேட்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். முன்னுக்கு நின்று உழைத்த ஒருத்தியைப் பற்றி விரிவாகவும் சொல்லியிருக்கிறார். மாமி அன்றிலிருந்து அந்தப் பெண்ணைத் தன் சொந்தக்காரி போலக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"கப்பலிலை வந்தவ. மனிசன் செத்த பிறகும் மூலையிலை குந்தேல்லை. கூட்டத்திலை ஏறிக் கதைக்கேக்குள்ளை முட்டையாலை எறிஞ்சவங்களாம். துடைச்சுப் போட்டு மிச்சத்தையும் கதைச்சவவாம்," என்பார்.

கதை ஒவ்வொரு தடவையும் வளர்ந்தது. ஒருநாள் முட்டை தக்காளியாகியது, இன்னொரு நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரேயொரு மகன், அவன் தூரத்தில் படிக்கிறான் என்றும் ஆகியது. பெரியவளான பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி உழைத்த பெண்கள் பலர் இருந்திருக்கிறார்கள். மாமியின் ஆள் எவர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாலைந்து பேரைச் சேர்த்துக் குழைத்து, போதாததற்குத் தன்னையும் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் தொப்பி போட்ட படம் ஒன்றை ஆசிரியை காட்டியிருந்தாராம். அடுத்த சனிக்கிழமையே பழைய சாமான் கடையில் மாமி ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினார். பருத்திச் சாறி, கைப்பை, அதற்கு மேலே அகலத் தொப்பி. உங்களில் யார் முதலில் "தொப்பி மாமி" என்று கத்தியது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், நீ இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டாய்.

அந்தத் தொப்பியோடு மாமி வீடு வீடாகப் போகத் தொடங்கினார். கார் ஓடிக் கொண்டுபோனது அம்மா. எங்கள் ஆட்களில் முதன்முதலாகக் கார் லைசன்ஸ் எடுத்த பெண் அம்மாதான். பழைய மண்ணிறக் கார், கறுப்புப் பிளாஸ்டிக் இருக்கை. வெயிலில் நின்ற காருக்குள் ஏறினால் தொடை ஒட்டிக்கொள்ளும், இறங்கும்போது தோல் உரிவது போலிருக்கும். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்கிவிட்டு, சனி ஞாயிறு அம்மா மாமிக்குச் சாரதியானார்.

முதல் வீட்டு வாசலில் அம்மாவும் இறங்கக் கதவைத் திறந்தார். மாமி தடுத்தார்.

"ரெண்டு பேரும் போனால் படையெடுத்து வந்த மாதிரி இருக்கும். நீர் காரிலை இரும். பிள்ளை என்னோட வரட்டும். பிள்ளையைக் கண்டால் கதவைத் திறப்பினம்."

அம்மா கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவர் இறங்க முயன்றதில்லை.

மாமியின் வேலை எப்படி நடந்தது தெரியுமா? எங்கள் வீடுகளில் ஆள் வந்தால் ஆண் முன்னறையில் இருந்து கதைப்பார், பெண் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போடுவார். மாமி அங்கிளோடு இரண்டு சொல் கதைத்துவிட்டு, "தங்கச்சிக்கு உதவி செய்யிறன்" என்று எழும்பிக் குசினிக்குள் நுழைந்துவிடுவார். தண்ணீர் கொதிக்கும் வரைக்கும்தான் நேரம். இந்த நாட்டு மின்சாரக் கேத்தில் அநியாயத்துக்குக் கெதியாய்க் கொதித்தது. இரண்டாம் நாளே மாமி அதற்கு வழி கண்டுபிடித்தார்.

"எனக்குச் சட்டியிலை பால் காய்ச்சின தேத்தண்ணிதான் ஒத்துக்கொள்ளும், பிள்ளை. அடுப்பைக் குறைச்சே விடும்."

வீட்டில் அவர் குடிப்பது பால் இல்லாத வெறும் தேத்தண்ணி. பால் பொங்கி வருவதற்குள் கப்பலில் வந்த பெண்ணையும், முட்டையையும், குடும்பத் தலைவரையும் சொல்லி முடித்துவிடுவார். ஆண்டுக் கூட்டத்தில் தான் கொண்டு வரப் போகும் பிரேரணையையும் சொல்வார்: வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. நான் பலகாரத் தட்டோடு குசினி வாசலில் நின்று ஒரு காலை மாற்றி மறுகாலில் நிற்பேன். அத்தனை தேத்தண்ணி குடித்த பிள்ளையால் வேறு என்ன செய்ய முடியும்?

தையல் அன்ரி ஊசியை வாயில் கவ்விக்கொண்டே, "நல்ல விசயம்தான் அக்கா, இவர் என்ன சொல்லுவாரோ," என்றார். ரோவில் என்ற பக்கத்துப் புறநகரில் இருந்த மதுரைக்கார அக்கா சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டுட்டு வந்தவ நான். இங்க பொங்கலுக்கு எத்தன கிலோ அரிசின்னு சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லீங்களா? வர்றேங்க, நான் கண்டிப்பா கை தூக்குறேன்." மாமி அன்று காருக்குத் திரும்பும்போது பாட்டு முணுமுணுத்தார்.

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அம்மா பழைய துணியொன்றால் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பார். காரின் வெளிப்பக்கம் முழுக்கத் தூசி. அந்தப் பலகை மட்டும் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. ஒரு வீட்டு அன்ரி அம்மாவுக்கென்று கோப்பையில் தேத்தண்ணி கொடுத்துவிட்டார். நான் சிந்தாமல் கொண்டு போய்க் கொடுத்தேன்.

"என்ன கதைக்கினம் உள்ளுக்கை?" என்று அம்மா கேட்டார்.

"வோட்டுக் கதைதான்."

அம்மா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். "பாலிலை போட்டிருக்கினம்," என்றார். கோப்பையை என்னிடம் தந்துவிட்டுத் துணியை எடுத்தார்.

கோடை முடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு ஆள் வருவது குறைந்தது. உங்களில் இரண்டு பேரின் பிறந்தநாளுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. நான் அழுதுகொண்டு வந்து மாமியின் தொப்பியை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். மாமி அதை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கூட்ட நாள் வந்தது. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வழக்கம்போல ஆண்கள் கதிரைகளில். பெண்கள் பக்கத்துச் சமையலறையில், மதியச் சாப்பாட்டு வேலையில். இரண்டுக்கும் நடுவே பரிமாறும் யன்னல். மாமி தொப்பியோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நான் யன்னலுக்குக் கீழே வெங்காயச் சாக்கின் மேல் இருந்தேன். உள்ளே அம்மா கத்தரிக்காய்க் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

தலைவர் அங்கிளை உங்களுக்குத் தெரியும். எங்கள் எல்லோருடைய பால்பற்களையும் பிடுங்கியவர், பிடுங்கிவிட்டு இனிப்பும் தந்தவர். கெட்ட மனிதரல்ல. மாமி எழுந்து பிரேரணையைச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். ஆண்களில் அப்பாவும் மதுரை அக்காவின் கணவரும் இன்னும் சிலரும் கை தூக்கினார்கள். அப்பாவின் கை பாதி உயரத்தில் நின்றது. மாமியும் கை தூக்கினார். எண்ணிக்கொண்டு வந்த செயலாளர் அங்கிள் அந்தக் கையைத் தாண்டிப் போனார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ," என்றார் தலைவர் அங்கிள். "இது உங்கட ஆசை. மற்றப் பெண்களுக்கும் வேணும் எண்டு எங்களுக்கு என்னெண்டு தெரியும்? அவையே சொல்லட்டும். வோட்டு வேணும் எண்டுற ஆக்கள் கை தூக்குங்கோ, பாப்பம்."

யன்னலில் பெண்களின் முகங்கள் நிறைந்தன. மாவுக் கை, ஈரக் கை, கரண்டி பிடித்த கை. ஒன்றும் உயரவில்லை. தையல் அன்ரி தன் கணவரைப் பார்த்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். மாமி தங்கியிருந்த வீட்டுக்காரி அவர்தானே, முதல் கை அவருடையதாக இருக்க வேண்டும். மதுரை அக்காகூடத் தன் கையை இடுப்பளவில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்.

மாமி கதிரையில் திரும்பினார். "தூக்கும்!" என்றார் அம்மாவிடம்.

அம்மா அகப்பையைப் பானை விளிம்பில் தட்டினார். கையைச் சாறியில் துடைத்தார்.

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றார்.

மண்டபம் சிரித்தது. மாமியைக் கவிழ்க்க அம்மா சொன்ன பகிடி என்று நினைத்துவிட்டார்கள். தலைவர் அங்கிளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிரேரணை அப்படியே படுத்துவிட்டது. ஆறுதலுக்கு, பெண்கள் அணி என்று ஒன்று தொடங்குவதாக அறிவித்தார்கள். சங்க விழாக்களின் சாப்பாட்டுப் பொறுப்பு அதற்கு. தலைவி மாமி. பெரிய கைதட்டல். யாரோ கமெராவோடு ஓடிவந்து, "தலைவி அக்கா, அகப்பையோட ஒரு படம்!" என்று அம்மாவின் கையிலிருந்த அகப்பையை வாங்கி மாமியின் கையில் திணித்தார்கள். நீங்கள் பார்த்த சிரிப்பு அதுதான். படம் எடுத்து முடிந்ததும் அகப்பையை மேசையில் வைத்துவிட்டு, தலைவிப் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமி வெளியே நடந்தார். அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அப்பா கதிரை அடுக்க நின்றுவிட்டார். அம்மா கார் ஓட, மாமி பக்கத்தில், நான் பின்னால் மிச்சக் குழம்புப் பானையை மடியில் பிடித்தபடி. பானை சுட்டது. வாயைத் திறந்து சொல்லப் பயமாக இருந்தது. அம்மா மாமியைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ரயில் கடவையில் மணி அடித்து, கம்பம் இறங்கியது. இப்போது அங்கே தண்டவாளம் ஆகாயத்தில் போகிறது, கம்பமும் இல்லை மணியும் இல்லை. அந்த நாட்களில் ஒரு ரயில் போய் இன்னொன்று வரும் வரை பிடித்து வைத்துவிடும். மாமி தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் முன்னாலை என்னை..." என்று தொடங்கி நிறுத்தினார்.

அம்மா சாறித் தலைப்பால் முன்னால் இருந்த பலகையைத் துடைக்கத் தொடங்கினார். ஒரே இடத்தை மறுபடி மறுபடி. மாமி அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பலகையைப் பார்த்தார். அது எவ்வளவு மினுங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டிருக்க வேண்டும். அவருடைய கால் ஆடுவது நின்றது. அந்தக் கோடையில் மாமி அசையாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"உமக்கு வேணுமே?" என்று கேட்டார்.

"எது?"

"வோட்டு."

ரயில் வந்து காரை அதிர வைத்துக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை அம்மா காத்திருந்தார்.

"ஓம் மச்சாள். நீங்கள் வாறதுக்கு முதலே எனக்கு வேணும்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"எல்லார்ட குசினியிலையும் கேட்டனீங்கள். எங்கட குசினியிலை ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

கம்பம் உயர்ந்தது. பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. அம்மா அசையவில்லை. மாமி வெளியே பார்த்தபடி, "பிழை விட்டுட்டன்," என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா காரை எடுத்தார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. பானை சுட்டதால் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் வீடுகளுக்குள் போனது அம்மா. தொப்பி வேண்டாம், தலை வேர்க்கும் என்றுவிட்டார். மாமி காருக்குள் இருந்தார், கால் ஆட்டிக்கொண்டு, துணியும் கையுமாக. அம்மா கப்பல் கதையொன்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு வேணுமே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா நிற்பார். சில வீடுகளில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஆண்டுக் கூட்டத்தில் யன்னலில் முதல் கை அம்மாவுடையது, மஞ்சள் படிந்த கை. அதற்குப் பின்னால் எழுந்த கைகளைப் பார்த்து ஆண்கள் பக்கத்திலும் கைகள் கூடின. பிரேரணை நிறைவேறியது. அதற்கடுத்த வருடம் மாமி தன் கையைத் தூக்கினார், செயலாளர் அங்கிள் அதை எண்ணினார். பிறகு மாமி மகனோடு சிட்னிக்குப் போய், கடைசி வரை மேய்ஸ் ஹில் முருகனோடும் கோயில் நிர்வாகத்தோடும் வழக்காடிக்கொண்டிருந்தார். தொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரிசையில் நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். அம்மா முன்வரிசையில் இருந்தார். அவருக்கு இப்போது நடக்கத் தடி வேண்டும், காதும் மந்தம். படத்தைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் இறக்கச் சொன்னேன், அவர் இறக்கவில்லை. கடைசியில் இப்போதைய சங்கத் தலைவி, தையல் அன்ரியின் பேத்தி, கண்டு ஓடிவந்து முழங்காலில் குந்தினாள்.

"யெஸ் அன்ரி? சோறு எடுத்துத் தரட்டா?"

"உந்தப் படத்துக்குக் கீழை எழுதினது பிழை," என்றார் அம்மா. "என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "ஓ மை காட், சொறி அன்ரி. என்ன எழுதவேணும் எண்டு சொல்லுங்கோ, மாத்துறம்."

அம்மா கையை அப்போதுதான் இறக்கினார்.

"வீடு வீடாய்ப் போய்க் கேட்டவ எண்டு எழுது," என்றார். தடியை எட்டி எடுத்தார். "என்னட்டையும் கேட்டவ. கொஞ்சம் பிந்தித்தான்."